பகலில் சாத்திய கதவு

எனக்கு நரம்பு வருத்தம். இடது கால் தனக்கு மனம் வந்தால் நடக்கும், வராவிட்டால் மரக்கட்டை. வருத்தம் வந்தபிறகு என் மனிசன் கட்டிலை விட்டுக் கீழே பாயில் படுக்கத் தொடங்கினார். துறைமுகத்தில் படகு இயந்திரங்களைச் சுத்தியலால் அடித்துத் திருத்துகிற ஆள், தொட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வருத்தம் நரம்புக்குத்தானே, ஆசைக்கு இல்லையே!

கிளினிக்கில் ஒரு தாதி அறைக்கதவைச் சாத்திவிட்டு, "வீட்டுக்காரரோட எப்பிடி?" என்று நேராகவே கேட்டார். நான் அழுதுவிட்டேன். தாதி வெளியே இருந்த என் மனிசனையும் உள்ளே கூப்பிட்டார்.

"பின்னேரம் உடம்பு களைச்சுப்போம், வெக்கையும் கூடாது. காலமை குளிச்சிட்டு, ஃபேனைப் போட்டு, முழங்காலுக்குக் கீழ தலகணி வையுங்கோ. எங்க தொட்டா நல்லாயிருக்கு, எங்க எரியுது எண்டு நீங்கதான் வாய் திறந்து சொல்லவேணும்."

"அவக்கு ஒண்டும் ஆகாதோ?" என்று மட்டும் கேட்டார் என் மனிசன்.

"ஒண்டும் ஆகாது."

ஞாயிறு காலமை குளித்தேன். வீட்டிலிருந்த தலகணி எல்லாம் கட்டிலுக்கு வந்தன. பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்க வழிகாட்டும் கொண்டக்டர் மாதிரி நான் கத்தினேன்.

"அதில இல்ல, கொஞ்சம் மேல. ஐயோ, எரியுது! ஓம், அங்கதான்."

அவர் சிரித்தார். சொன்ன இடத்துக்குக் கை வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒன்றை மறந்துவிட்டோம். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பகலில் யாரும் வாசற்கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் வருத்தக்காரி வீடு, உள்ளே 'ஐயோ' வேறு!

கதவு படபடவென்று அடிபட்டது. அவர் சாரத்தை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு ஓடித் திறந்தார். எதிர்வீட்டு அக்கா. பின்னால் அரை ஒழுங்கையும், ஒரு பை தோடம்பழமும், ஆஸ்பத்திரிக்குப் போக ஸ்டார்ட்டில் நின்ற ஓட்டோவும்.

"தம்பி, தங்கச்சிக்கு என்ன? ஏன் கத்தினவ?"

அவர் கதவைப் பிடித்தபடி அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்த மனிசன் இனிப் பழையபடி பாயை விரிக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விடுவேனா?

"எனக்கு நல்ல சுகம் அக்கா! பழத்தைக் குடுத்திட்டுப் போங்கோ!"

அக்கா சாரத்தைப் பார்த்தார். "சரி சரி, எல்லாரும் நடவுங்கோ," என்று விரட்டிவிட்டுத் தானே கதவை இழுத்துச் சாத்தினார்.

அவர் பையோடு வந்து அறைவாசலில் நின்றார். பழப் பையை, மூலையில் சுருட்டிக் கிடந்த பாயின்மேல் வைத்தார்.

"தலகணி விலகிட்டுது," என்று சொல்லி, அதை எடுத்துத் திரும்பவும் என் முழங்காலுக்குக் கீழே வைத்தார்.