மஜீதா சொன்ன துபாய்

கீழக்கரையிலிருந்து யார் துபாய்க்குச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாலும், டிக்கெட் போட்ட கையோடு எங்கள் பக்கத்து வீட்டு மஜீதாவிடம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இத்தனைக்கும் மஜீதா துபாய்க்குப் போனதே இல்லை. ஒரு முத்திரைகூட விழாமல் பாஸ்போர்ட் காலாவதியாகி, மறுபடி புதுப்பித்து பீரோவில் கிடக்கிறது. ஆனால் அவள் புருஷன் அப்துல் குத்தூஸ் அங்கே சுற்றுலா வேன் ஓட்டுகிறார். தினமும் போனில் அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டைவிடத் துபாய்தான் அவளுக்கு அத்துப்படி.

சரியான வயிற்றெரிச்சல்காரி. அதை மறைக்கவும் மாட்டாள். கட்டின புருஷன்மேலேயே பொறாமை. "நீங்க அங்கன பாட்டுக்குத் தண்ணி டான்ஸ் ஆடுறதப் பாருங்க, நான் இங்கன தண்ணி லாரிக்குக் குடத்தோட நிக்கேன்" என்று வீடியோ காலில் அவள் போடும் சத்தம் என் அடுப்படி வரை கேட்கும். அவருக்குப் பின்னால் விளக்கு மின்னினால் கோபம். யாராவது சிரித்துக்கொண்டு நடந்துபோனால் இன்னும் கோபம். "அடுத்த வருஷம் கூப்புடுறேன் புள்ள" என்பார் அவர். அந்த அடுத்த வருஷம் வந்தால் மாமியாருக்கு ஆபரேஷன், இல்லையென்றால் மகள் காலேஜ்.

போன மாதம் மஜீதாவின் சொந்தத் தங்கச்சி அஃபீஃபாவே வந்து நின்றாள். புதுப்பெண். மாப்பிள்ளை நுஃமான் துபாய்க்கு டிக்கெட் போட்டுவிட்டானாம். கறிவேப்பிலை கேட்கப் போன நான், வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

மஜீதாவின் முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனாலும் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

"மெட்ரோல எதையும் மெல்லாத, ஃபைன் போட்ருவான். பாலைவனத்துக்குப் போற அன்னைக்கு வயிறு முட்டத் திங்காத, வண்டி குலுக்குற குலுக்குல எல்லாம் வெளிய வந்துரும்." கொஞ்சம் நிறுத்தி, "வந்தா வரட்டும்" என்று முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது.

"புர்ஜ் கலீஃபா, ராத்தா?" என்று அக்காவிடம் கேட்டாள் அஃபீஃபா.

"டிக்கெட்ட இங்கனயே ஆன்லைன்ல போட்ரு. பொழுது சாயுற மக்ரிப் நேரத்துக்கு வெல ஜாஸ்தி. வெளிய ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கு, சாயங்காலம் நெழலு அங்கதான் விழும். அதுல உக்காந்தா செக்யூரிட்டி வெரட்ட மாட்டான். பக்கத்துப் பள்ளிவாசல்ல குளுந்த தண்ணி கிடைக்கும்."

"அது சரி, மேல ஏறுனா என்ன தெரியும்? கடல் தெரியுமா?"

மஜீதா வாயைத் திறந்தாள். பிறகு நான் கேட்ட கறிவேப்பிலையை எடுத்து ஆயத் தொடங்கினாள்.

"மீன் காட்சிக்குள்ள என்ன ராத்தா இருக்கு?"

"வாசல்ல..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

அவள் புருஷன் இத்தனை வருஷமாகச் சொன்னதெல்லாம் வாசல் வரைக்கும்தான். ஆட்களை இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை அவர் காத்துக்கிடந்த இடங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. திட்டுகிற அவசரத்தில் இவளும் கேட்டதில்லை.

உடனே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். "ஏங்க, அந்தக் கட்டடத்துல நீங்க மேல ஏறியிருக்கீகளா?"

"இல்ல புள்ள. ஆள எறக்கிவிட்டுட்டுக் கீழதான் நிப்பேன்."

"ஒரு தடவகூடவா?"

"தனியா ஏறி என்னத்தப் பாக்க? இந்தத் தடவ நுஃமான் எனக்கும் சேத்து டிக்கெட் போடுறேன்னு சொல்லியிருக்காப்ல. லீவு கேட்டிருக்கேன்." அவர் குரலில் சின்னப் பிள்ளை குஷி.

மஜீதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லபடியாகப் போய்ப் பாருங்கள் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஏறாதீக" என்றாள்.

"என்ன புள்ள?"

"இவகூட நீங்க ஏறக்கூடாது. கீழயே நில்லுங்க. நான் வந்து கூட்டிக்கிட்டு ஏறுறேன்."

அஃபீஃபா என்னைப் பார்த்தாள்.

"சரி புள்ள" என்றார் அவர். "நிக்கிறேன்."