மைனஸ் பதினாலில் ஏது ஈரப்பனி

1. கண்மாய் பார்த்த கண்

அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பதினொரு பேர், பதினொரு மானிட்டர். செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் ரேடார் படத்தில் எது தண்ணீர், எது தரை என்று கோடு போட்டு நிறம் கொடுப்பதுதான் வேலை. மற்றவர்கள் போட்டதைச் சரிபார்த்துத் திருத்தும் க்யூசி வேலை என்னுடையது.

முதல் இரண்டு வருடமும் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களைத்தான் பார்த்தோம். ரேடார் அலை சமதளமான பரப்பில் பட்டால் வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது. அதனால் தேங்கிய தண்ணீர் படத்தில் கறுப்பாக விழும். கருவேலங்காடு வெளுப்பாகத் தெரியும். கறுப்பு என்றால் தண்ணீர். நான் பிறந்ததே திருச்சுழிக்குப் பக்கத்து ஊர்தான் என்பதால், எந்தக் கறுப்பு எந்தக் கண்மாய் என்று பெயரோடு சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

பிறகு கடல் ஐஸ் வேலை வந்தது. வடதுருவத்துப் பக்கம் உறைந்து கிடக்கும் கடலை ஆராயும் ஒரு வெளிநாட்டுக் குழு எங்களுக்கு வேலை கொடுத்தது. குழுவின் தலைவி இங்க்ரித் மேடம். எங்கள் மேனேஜர் செல்வம் சார் சொன்னார்: "ஏம்மா மாரி, தண்ணியும் ஐஸும்தான. கண்மாய் பாத்த கண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

முதலில் வந்தவை ஜூன் மாதப் படங்கள். கறுப்பாக இருந்த இடமெல்லாம் தண்ணீர் என்று நீலம் அடித்து அனுப்பினேன். நீங்கள் கடல் என்று காட்டிய இடத்தில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கோடையில் ஐஸின் மேல் கிடக்கும் பனி லேசாக உருகி ஈரமாகுமாம். ஈரப்பனி ரேடார் அலையை விழுங்கிவிடும், அதனால் அதுவும் கறுப்பாகத்தான் தெரியும்.

செல்வம் சார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஐஸைப் பாத்துத் தண்ணிங்கிற. நாளைக்குத் தண்ணியப் பாத்து ஐஸும்பியா?"

அதிலிருந்து கறுப்பைப் பார்த்தாலே எனக்குப் பயம் வந்துவிட்டது.

2. சாம்பல்

அடுத்த வருடம் மார்ச் கடைசியில் இன்னொரு வேலை சேர்ந்தது. அந்தக் குழுவில் மூன்று பேர் உறைந்த கடல்மேல் முகாம் போட்டிருந்தார்கள். தினமும் காலையில் ஸ்னோ ஸ்கூட்டரில் கிளம்பிப் போய், ஐஸின் மேல் பனி எவ்வளவு கனமாக இருக்கிறது என்று அளப்பார்கள். அவர்கள் கிளம்புவதற்குள் அன்றைய படத்தைப் பார்த்து மேப் அனுப்ப வேண்டும். நமக்கு மதியம் என்றால் அங்கே காலை. வெள்ளை அடித்தால் கெட்டி ஐஸ், நீலம் என்றால் தண்ணீர், சாம்பல் என்றால் தெரியவில்லை. சாம்பல் கூடினால் டீமின் ஸ்கோர் இறங்கும்.

ஒரு நாள் அந்தப் படத்தைப் போட்டவள் பாத்திமா. தினமும் வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. முகாம்காரர்கள் போகும் வழிக்குக் குறுக்கே நீளமாக ஒரு கறுப்புத் திட்டு கிடந்தது. அதற்குச் சாம்பல் அடித்திருந்தாள்.

"என்ன பாத்திமா, நடு வழியில சாம்பலப் பூசி வச்சிருக்க?"

"தெரியலக்கா. முந்தாநா படத்துல அந்த எடத்துல மெல்லிசா ஒரு கோடுதான் இருந்துச்சு. இன்னைக்கி அகலமா இருக்கு."

"ஈரப்பனிதான். போன வருசம் இதுக்குத்தான் ஏச்சு வாங்குனேன்."

சாம்பலை எடுத்துவிட்டு வெள்ளை அடித்தேன். ஒன்றேகால் மணிக்கு மேப் போய்விட்டது. நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாத்திமா பக்கத்தில் வந்து நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அங்கன இப்ப எத்தன டிகிரி?"

காலை மெயிலைப் பார்த்தேன். "மைனஸ் பதினாலு."

"அப்ப பனி எப்பிடிக்கா ஈரமாகும்?"

பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. மைனஸ் பதினாலில் ஏது ஈரப்பனி? அந்தக் குளிரில் பனி பொடியாக, காய்ந்து கிடக்கும். காய்ந்த பனி ரேடாருக்கு ஒரு பொருட்டே இல்லை, அதைத் தாண்டிப் போய் அடியில் இருக்கும் ஐஸைத்தான் தொடும். அப்படியானால் அந்தக் கறுப்பு அடியில் இருப்பதன் கறுப்பு. ஐஸ் பிளந்து, கடல் திறந்து, ஓரிரு நாளில் அதன்மேல் தேங்கிய தண்ணீரைப் போலவே வழவழவென்று மெல்லிய ஏடு மட்டும் கட்டியிருக்கிறது. ஏட்டின் மேல் பனி விழுந்து மூடிவிட்டது. நேரில் பார்ப்பவர்களுக்குச் சுற்றியிருக்கும் வெள்ளைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. நான் அனுப்பிய வெள்ளையை நம்பி மூன்று பேர் அதன்மேல் ஸ்கூட்டரை ஏற்றப் போகிறார்கள்.

3. ஐம்பது நிமிடம்

கிளையண்டிடம் மேனேஜர் மட்டும்தான் பேசலாம் என்பது ஆபீஸ் விதி. செல்வம் சார் மல்லாங்கிணற்றில் அக்கா பேத்தி காதுகுத்துக்குப் போயிருந்தார். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தார், பின்னால் ரேடியோ செட்டில் சினிமாப் பாட்டு அலறியது.

"மாரி, பந்தி நடக்குதும்மா. சாயந்தரம் பேசுவோம்."

"சார், மூணு பேரு ஐஸு மேல போறாக. நான் கலரத் தப்பாப் போட்டுட்டேன்."

அவர் பந்தியை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். ரேடியோ செட் சத்தம் குறைந்தது. பிறகு, "நம்பர் அனுப்புறேன். நீயே பேசு" என்றார்.

இங்க்ரித் மேடம் எடுத்ததும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோனது. "ஸ்டாப் தெம். தின் ஐஸ். மை மிஸ்டேக்" என்றேன். எந்த இடம் என்று கேட்டார். பாத்திமா திரையைப் பார்த்து எண்களைச் சொல்லச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். அவர்கள் முகாமிலிருந்து கிளம்பி அரை மணி நேரம் ஆகிவிட்டது, ரேடியோவில் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன்பிறகு ஐம்பது நிமிடம். பாத்திமா முகாமிலிருந்து அந்தத் திட்டு வரை திரையில் ஸ்கேலை இழுத்தாள். பதினொரு கிலோமீட்டர். ஸ்கூட்டர் என்ன வேகம் போகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தவளை, போடாதே என்று தடுத்தேன். கீழே ஜவுளிக்கடையில் யாரோ கலர் பிடிக்கவில்லை என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, பிள்ளைகுட்டி உண்டா, ஒன்றும் தெரியாது. சோறு காய்ந்த கையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை.

போன் வந்தது. முதல் இரண்டு தடவை ரேடியோ கிடைக்கவில்லையாம். மூன்றாம் தடவை கிடைத்தபோது திட்டுக்கு முந்நூறு மீட்டர் தள்ளி இருந்திருக்கிறார்கள். ஓரம் வரைக்கும் மெல்ல நடந்துபோய், எட்டி நின்று துளை போட்டுப் பார்த்தார்களாம். நாலு விரல் கனம்தான். துளை வழியாகக் கடல்தண்ணீர் மேலே வந்திருக்கிறது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பாத்திமா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

4. யார் கண்டது?

மறுநாள் வீடியோ கால். யார் கண்டுபிடித்தது என்று இங்க்ரித் மேடம் கேட்டார். எங்கள் க்யூசியில் பிடித்துவிட்டோம் என்று செல்வம் சார் முந்திக்கொண்டார். க்யூசி என்றால் நான்தான். தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும், வேலையும் பேரும் தங்கியிருக்கும். ஆட்டிவிடவும் தோன்றியது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பாத்திமா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் சாம்பல் அடித்தாள், நான் அதை அழித்தேன், பிறகும் அவள்தான் வந்து கேட்டாள் என்று சொன்னேன்.

கால் முடிந்ததும் செல்வம் சார், "ஏம்மா, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்றார்.

இனி முகாம் படங்களைப் பாத்திமாதான் சரிபார்க்க வேண்டும் என்று அந்த வாரமே மெயில் வந்தது. இப்போது நான் கோடு போடுகிறேன், அவள் திருத்துகிறாள். முதல் மாதம் கசந்தது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். படத்தைத் திறக்குமுன் அங்கே எத்தனை டிகிரி என்று பாருங்கள். இன்னொருவர் அடித்த சாம்பலை அழிக்குமுன் எழுந்துபோய் அவரிடம் ஏன் என்று கேளுங்கள். ஏச்சு வாங்கிய பயத்தில் எந்த நிறத்தையும் அடிக்காதீர்கள்.

நேற்று நான் போட்ட ஒரு வெள்ளையைப் பாத்திமா திருப்பி அனுப்பியிருந்தாள். "எத வச்சு வெள்ளைன்னு சொல்றீக?" என்று ஒரே வரி. அரை மணி நேரம் படத்தையே பார்த்தேன். வெள்ளையை அழித்துச் சாம்பல் அடித்தேன். தெரியல என்றே எழுதி அனுப்பினேன்.