ஆர்க்கெஸ்ட்ரா வரும்வரை

இதை நம்புங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் நடந்தது. போன வருடம் மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரை திருநகரில், பட்டப்பகலில். மணி முதற்கொண்டு சொல்ல முடியும். எல்லாம் என் போனில் வீடியோவாகப் பதிவாகியிருக்கிறது. இருபது நிமிடம். அதை நான் அழிக்கவில்லை.

நான் ரோகிணி. ஊர் சமயநல்லூர். எட்டு வயதில் பியானோ கற்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் அது வேடிக்கையான விஷயம். சொல்லிக் கொடுத்தவர் சௌந்தரராஜன் சார். திருநகரில் அவர் வீட்டு முன்னறையில் இரண்டு பியானோக்கள் இருந்தன. இரண்டும் அலமாரி மாதிரி உயரமானவை. முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டிருப்பார். இந்தப் பக்கம் மாணவர், அந்தப் பக்கம் அவர். உச்சந்தலை தவிர ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. காதால் மட்டும்தான் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

சார் நல்ல ஆசிரியர். நல்ல மனிதர் இல்லை. நான் வகுப்புக்குள் நுழைந்ததும், "சமயநல்லூர் மொசார்ட் வாராக, வழி விடுங்கப்பா" என்பார். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். பத்து வருடம் சிரித்தார்கள்.

அவருடைய இன்னொரு விளையாட்டைச் சொல்ல வேண்டும். மொசார்ட் காலத்து கான்செர்டோவில், அதாவது ஒரு தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் இசையில், ஒரு வழக்கம் உண்டு. ஓரிடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் நின்றுவிடும். பியானோ மட்டும் தனியாகத் தன் கற்பனைக்கு வாசிக்கும். அதற்குக் கடென்சா என்று பெயர். முடிக்கும்போது, பக்கத்துப் பக்கத்து இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக நடுங்க விடுவார்கள். அது டிரில். 'நான் முடித்துவிட்டேன், நீங்கள் வரலாம்' என்று ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தரும் சைகை. அவர்கள் வரும்வரை டிரில்லை நிறுத்தக் கூடாது.

எங்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா ஏது? அந்தப் பகுதியை இரண்டாவது பியானோவில் சார் வாசிப்பார். வாசிக்க வேண்டிய இடத்தில் வாசிக்க மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும். விஜய்ஆனந்த் என்று ஒரு பையன் நாற்பது விநாடியில் நிறுத்திவிட்டு அழுதான். மறுநாளிலிருந்து வரவில்லை. நான் ஒரு நிமிடம் பத்து விநாடி தாக்குப்பிடித்தேன். சார் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அன்றோடு நானும் நின்றேன். ஒன்பது வருடம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

போன மார்ச்சில் போக வேண்டியதாயிற்று. சென்னையில் ஓர் இசைப் பள்ளியில் ஆசிரியர் வேலை. ஒரு கான்செர்டோவின் முதல் பகுதியை, கடென்சாவோடு, ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் இரண்டாவது பியானோ வைத்து வாசித்து அனுப்பச் சொன்னார்கள். வெட்டாமல், ஒட்டாமல், ஒரே மூச்சில் எடுத்த வீடியோ. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள். இரண்டு பியானோ ஒரே அறையில் இருக்கும் வீடு எனக்குத் தெரிந்து மதுரையில் அது ஒன்றுதான். அந்த வேலை கிடைக்காவிட்டால் வைகாசியில் கல்யாணம் என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

போனில் கேட்டேன். சார் ஒத்துக்கொண்டார். "ஒரு தடவைதான் வாசிப்பேன்" என்றார்.

3:05. கதவைத் திறந்தது அவர் மனைவி அலர்மேல்மங்கை அம்மா. கையில் பையோடு பழங்காநத்தத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "காலையிலருந்து தலவலி தலவலின்னுட்டு இருக்காரும்மா. சீக்கிரம் விட்டுரு."

சரி என்றேன். எனக்கு ஆறு மணிதான் மனதில் இருந்தது.

சார் ஏற்கெனவே அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலையின் உச்சி மட்டும் தெரிந்தது. வணக்கம் சொன்னேன். தலை அசையவில்லை. பழைய மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டேன். போனை என் பக்கம் திருப்பி நிறுத்தினேன். என் முகமும் கைகளும் மட்டும் தெரியும்படி.

3:19. பதிவைத் தொடங்கினேன்.

ஆர்க்கெஸ்ட்ராவின் நீண்ட முன்னுரையை சார் வாசித்தார். சுத்தமாக. ஆனால் இரண்டாம் பக்கத்தில் இடது கை சில சுரங்களை விட்டது. பிறகு ஒரு வரி முழுவதும் விட்டது. எனக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே செய்கிறார். என் பதிவைக் கெடுக்கிறார்.

நான் வாசித்துக்கொண்டே போனேன். அவர் விட்ட இடங்களை நிரப்பினேன். மாட்டேன், இன்றைக்கு விட மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

3:31. கடென்சா. நானே எழுதியது. அறையில் நான் மட்டும்.

3:32. எதிர்ப்பக்கம் மரம் மோதும் சத்தம். 'டப்'. பியானோவின் உள்ளே தந்திகள் எல்லாம் ஒரே நேரத்தில் முனகி அடங்கின. புத்தகத்தை எடுத்து அடித்திருக்கிறார் என்று நினைத்தேன். என்னைப் பயமுறுத்த.

நரைத்த உச்சி இப்போது தெரியவில்லை. குனிந்து சிரிக்கிறார் போல.

3:33. டிரில்லுக்கு வந்தேன். இரண்டு சுரங்கள். விரல்கள் நடுங்கின. மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.

ஆர்க்கெஸ்ட்ரா வரவில்லை.

பத்து விநாடி... இருபது... வரவில்லை.

எட்டிப் பார்த்திருக்கலாம். எழுந்தால் பதிவு போச்சு. இரண்டாவது தடவை அவர் வாசிக்க மாட்டார். அதுகூட அப்புறம் யோசித்துக் கண்டுபிடித்த காரணம். உண்மையில் நான் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

ஒரு நிமிடம் பத்து விநாடி தாண்டியது. விரல் மாற்றிக்கொண்டேன்.

டொக்.

அந்தப் பக்கம், கீழே, பெடலுக்குப் பக்கத்தில். காலால் பலகையை உதைக்கும் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

தாளம் போடுகிறார். என் டிரில் தாளத்தில் இல்லை என்று குத்திக் காட்டுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த உதைகளுக்கு ஏற்ப டிரில்லைச் சரிசெய்தேன்.

டொக்... ... டொக்...

உதைகள் மெதுவாயின. நானும் மெதுவாக்கினேன்.

டொக்... ... ...

அடுத்தது வரவில்லை.

மின்விசிறி சுற்றும் சத்தம். என் இரண்டு சுரங்கள். வேறு ஒன்றுமில்லை.

மணிக்கட்டில் தீ.

3:36.

3:37.

வரவில்லை...

கண் இருட்டியது.

விட்டுவிடலாமா...

3:38.

வந்தது.

ஆர்க்கெஸ்ட்ரா வந்தது. சரியான சுரத்தில். சரியான வேகத்தில். இரண்டு கைகளும் முழுமையாக. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அந்த மனிதர் அவ்வளவு அழகாக வாசித்து நான் கேட்டதே இல்லை. கடைசிச் சுரம் வரை.

பதிவை நிறுத்தினேன். "வாரேன் சார்" என்றேன். பதில் இல்லை. நான் பியானோவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்க்கவில்லை. அவருடைய சிரிப்பைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். 5:10க்கு வீட்டிலிருந்து வீடியோவை அனுப்பினேன்.

7:20க்கு அலர்மேல்மங்கை அம்மா போன் செய்தார். சார் போய்விட்டார். மூளையில் ரத்தக்கசிவு. ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

"நீ எப்பம்மா கிளம்புன?" என்று கேட்டார்.

"மூணரைக்கே கிளம்பிட்டேன்மா. நல்லாத்தான் இருந்தாரு."

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது.

மறுநாள் சாவு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா என் கையை விடவேயில்லை. நீ போன பிறகுதான் நடந்திருக்கும், நீயாவது கடைசியாக அவரோடு இருந்தாயே என்று சொல்லிச் சொல்லி அழுதார். உறவுக்காரர்கள் தங்கள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிக்கொண்டே என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நானும் அழுதேன்.

அன்றிரவு காதில் மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டேன். உதைகளை எண்ணினேன். பதினேழு. என் விரல்கள் ஒவ்வொன்றுக்கும் மிகச் சரியாகத் தாளம் சேர்கின்றன.

வேலை கிடைத்தது. தேர்வுக் குழுவின் கடிதத்தில் டிரில்லின் நீளம் துணிச்சலானது என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு நுழைந்த பியானோவைத் தனியாகப் பாராட்டி, உடன் வாசித்தவர் யார் என்று கேட்டிருந்தார்கள். பெயரை எழுதி அனுப்பினேன். இப்போது சென்னையில் இருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கடென்சா சொல்லிக் கொடுக்கிறேன்.

கடைசி நேரத்தில் சாருக்கு எப்படியோ கொஞ்சம் தெம்பு வந்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்து முடித்துவிட்டுத்தான் சாய்ந்திருக்க வேண்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பினால் தூங்க முடிந்தது.

இந்த மார்ச்சில் வருஷத் திதிக்குப் போயிருந்தேன். அலர்மேல்மங்கை அம்மா காப்பி கொடுத்தார். பியானோக்களை விற்றுவிட்டதாகச் சொன்னார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"உங்கிட்ட சொன்னதில்லையே. நான் வந்து பாக்கும்போது மனுசன் பியானோ கட்டைய மூடுற அந்த மூடி மேலதான் கவுந்து கெடந்தாரு. விழும்போது மூடியும் சேந்து விழுந்திருக்கு. ரெண்டு கையும் உள்ள. பத்து வெரலும் நசுங்கி நீலமாப் போயிருந்துச்சு. விழுந்ததுலருந்து அப்பிடியேதான் மாட்டியிருந்திருக்குன்னு டாக்டரே சொன்னாரும்மா. பக்கத்து வீட்டு ஜெயபாண்டி வந்து ஆளைத் தூக்குனப்புறந்தான் மூடியவே தெறக்க முடிஞ்சது."

காப்பியைக் கீழே வைத்தேன்.

"எத்தன மணி இருக்கும்மா?"

"ஆறே முக்கால்."

'டப்' என்ற அந்தச் சத்தம் என் பதிவில் 3:32க்கு இருக்கிறது. மூடியைத் திறந்தது 6:45க்கு.

ஆர்க்கெஸ்ட்ரா வந்தது 3:38க்கு.