நான்காம் எண்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் அவள் சாப்பிடுவது, பாடுவது, போனில் சண்டை போடுவது எல்லாம். இன்று சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை. இரண்டு மணிக்குத் தேர்வுப் பட்டியல் போயாக வேண்டும். மணி ஒன்று நாற்பது.

வாத்தியமே இல்லாமல் வாயால் மட்டும் பாடும் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. அதன் ரசிகர்கள் இணையத்தில் சேர்ந்து, ஆளுக்கொரு மூலையில் பாடிப் பதிவு செய்து, எல்லாவற்றையும் ஒரே பாட்டாக ஒட்டுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் அதை ஆரம்பித்தவள் இவள்தான். அங்கே எல்லோருக்கும் ‘கண்ணாடியக்கா’. பள்ளிக்கூடத்தில், "உனக்குத் தடிச்ச குரல், வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டவள். இங்கேதான் அடிக்குரல் என்று ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் போனால் தனக்கு வேறு எதுவும் இல்லை என்று வெட்கப்படாமல் சொல்வாள்.

இந்த முறை பாட்டை அந்த ஐந்து பேரே கேட்கப்போகிறார்கள். எட்டுக் குரல்தான் வேண்டும். போன தடவை ஆள் எடுத்தபோது அவரவர் மச்சினியையும் நாத்தனாரையும் நுழைக்கப் பார்த்து, குழாயடிச் சண்டை தோற்றுப்போனது. அதனால் இவளே சட்டம் போட்டாள். பழையவர், புதியவர் எல்லோரும் "தூம் தூம்" என்று எட்டு வரி பாடி அனுப்ப வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது இவளுக்கு மட்டும் தெரியும். தேர்வு செய்வது ஒரு பேருந்து நடத்துநரும் ஒரு நர்ஸம்மாவும்.

பெண்கள் அடிக்குரலுக்கு ஒரே இடம், இரண்டே பேர் போட்டி. நான்காம் எண் இவள். பதினோராம் எண் போன மாதம் சேர்ந்த தையல்காரி. தெருச் சத்தம் விழாமலிருக்கப் போர்வைக்குள் புகுந்து பாடினாளாம்.

நடுவர் இருவரும் பதினொன்றுக்கே ஓட்டுப் போட்டிருந்தார்கள். ‘நாலாம் நம்பருக்கு மூச்சு வாங்குற இடத்துல சுருதி இறங்குது’ என்று நர்ஸம்மா எழுதியிருந்தார். ஆறு வருஷமாக மற்றக் குரல்களோடு கலந்தே கேட்டவர்களுக்கு, தனியாகக் கேட்டபோது அது இவளுடைய குரல் என்று தெரியவில்லை.

இவள் இரண்டு பதிவையும் மூன்று முறை கேட்டாள். தான் மூச்சு வாங்கிய இடத்தைத் தையல்காரி அசையாமல் தாண்டிப் போயிருந்தாள். நேற்று வந்தவள்! தப்பு என்று தெரிந்தும் கை கேட்கவில்லை. பட்டியலைத் திறந்து எண்களை மாற்றிப்போட்டாள். பதினொன்றுக்கு நேரே தன் பெயர், நான்குக்கு நேரே தையல்காரியின் பெயர். அவ்வளவுதான் வேலை. யாருக்குத் தெரியப்போகிறது?

அனுப்பப் போகும்போது போன் அடித்தது. நடத்துநர்.

"அக்கா, அந்த நாலாம் நம்பர் யாருக்கா? மனசே கேக்கல. ஆசை ஆசையாப் பாடியிருக்காங்க. நானே பேசி, எந்த இடத்துல தப்புன்னு பக்குவமா சொல்றேன். பேரைச் சொல்லுங்க."

தையல்காரியின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செய்யாத தப்பை அந்தப் பெண் இன்றே உட்கார்ந்து கேட்டுக்கொள்வாள். நாளை முதல் அந்த நல்ல இடத்தில் பயந்து பயந்து மூச்சு விடுவாள். வாயை மட்டும் அசைக்கச் சொன்னபோது இவளும் அப்படித்தான் நம்பினாள்.

"வேண்டாம் தம்பி. நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இப்பதானே சொன்னேன். இன்னும் பேச்சு வரல."

"ஐயோ. கொஞ்ச நேரம் அவங்ககூடவே இருங்கக்கா. தனியா விட்டுடாதீங்க."

"இருக்கேன்" என்று போனை வைத்தாள். பெயர்களைப் பழையபடி மாற்றிப் பட்டியலை அனுப்பினாள்.