கருவிழி இல்லாத கிருஷ்ணர்கள்

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. வந்தால் மட்டும் யார் காத்துக் கிடக்கிறார்கள்? அனுப்பிய கதை எதற்கும் எந்தப் பத்திரிகையிலிருந்தும் பதில் இல்லை. போனில் அனுப்பினால் சொந்தக்காரர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி. என் கணவர் மட்டும் "ரொம்ப நல்லாருக்குது" என்பார், தலைப்பைத் தாண்டாமலே. வெறுத்துப்போய்விட்டது எனக்கு.

இத்தனைக்கும் நாலாவது படிக்கும்போதே என் கதையைக் கேட்க ஒரு ஷெட்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

அம்மாவும் சித்தியும் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். ஷெட்டு ரேடியோ ரிப்பேரானபோது, "எதுனா கதை வுடுடி" என்று சித்திதான் ஆரம்பித்து வைத்தாள். விட்டேன். பெண்ணாடத்துக்கு வாக்கப்பட்டுப்போன ஒருத்தி, சோறு போடாத மாமியார், கை நீட்டுகிற புருஷன். தினமும் அவளைப் படாத பாடு படுத்தினேன். பெண்களெல்லாம் அந்த மாமியாரைத் திட்டுகிற திட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது கொலு நேரம். பலகை பலகையாகக் கிருஷ்ணன் பொம்மைகள். புருவம், இமை, வாய் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில்தான் கருவிழி வைப்பார்கள். அன்றைக்கு என் கதாநாயகி அம்மா வீட்டுக்கு ஓடிப்போகத் துணிந்து, வெள்ளம் போகிற வெள்ளாற்றில் இறங்கிவிட்டாள். கழுத்தளவு தண்ணீர். "மீதி நாளைக்கு" என்று நிறுத்திக்கொண்டேன். அந்த வயசிலேயே என்ன கொழுப்பு பாருங்கள்!

மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். தேறி எழுந்து போன அன்று சூளையைப் பிரித்திருந்தார்கள். ஒரு பலகைக் கிருஷ்ணர்கள் அத்தனை பேரும் வெறும் வெள்ளைக் கண்ணோடு பளபளவென்று நின்றுகொண்டிருந்தார்கள். கதை கேட்ட ஜோரில் ஒருத்திகூடக் கருவிழி வைக்கவில்லை. சுட்ட பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

"வேல செய்ற எடத்துல கதாகாலட்சேபமா நடத்துறீங்க? இனிமே இந்தப் பொண்ணு உள்ள கால் வெக்கக் கூடாது" என்று முதலாளி குதித்தார். அம்மா எல்லோர் முன்னாலும் என் முதுகில் ரெண்டு வைத்தாள். எனக்கு மானமே போய்விட்டது.

சாயந்திரம் வீட்டுக்கு நடக்கும்போது சித்தி என் பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்தாள்.

"அவ கரை ஏறிட்டாளாடி?"

முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மாவும் நடையைக் குறைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கதையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. போ" என்றேன்.

சித்தி கெஞ்சிப் பார்த்தாள். நான் மசியவில்லை. இவர்கள் இல்லாவிட்டால் என்ன, பெரியவளானதும் எத்தனையோ பேர் வந்து கேட்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.