காந்தக் குச்சியில் படிந்தது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மருந்துக்கான மூலப்பொருள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். இரண்டு மூலக்கூறுகளைப் பிணைக்கும் ஒரு படிக்கு, பல்லேடியம் என்ற உலோகம் ஏற்றிய கரித்தூளே அங்கு வினையூக்கி. வினை முடிந்ததும் அதை வடிகட்டியாக வேண்டும். ஈரம் காய்ந்தால் தூள் தானே தீப்பிடிக்கும். அந்த வேலையைச் செய்யும் மேனாம்பேட்டிலிருந்து வரும் ஆபரேட்டரின் முன்கையில் பழைய தீக்காயம் ஒன்று சுருங்கிக் கிடக்கிறது.

உலோகமே இல்லாமல், ஓர் எளிய கரிம மூலக்கூறை வைத்து அந்தப் படியை முடிக்கப் பல மாதங்கள் முயன்றேன். சென்ற மழைக்காலத்தில் அமீன் வகையைச் சேர்ந்த ஒரு மூலக்கூறு அதைச் செய்துகாட்டியது. செய்தி எனக்கு முன்பே உற்பத்திக்கூடத்துக்கு இறங்கிவிட்டது.

“இன்னா மேடம், அந்தக் கருப்பு இனிமே வாணாமாமே?” என்று தேநீர் வேளையில் ஆபரேட்டர் கேட்டார்.

“இன்னும் முடிவாகலைங்க அண்ணா.”

“ஊட்ல சொல்ட்டேன். கை தப்பிச்சிச்சின்னு.”

அன்று பிற்பகல் அந்த வினை நடந்த குடுவையைக் கழுவும்போதுதான் கவனித்தேன். கரைசலைக் கலக்கும் காந்தக் குச்சிகள் எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் பொது. அசிட்டோனில் அலசி ஒரே பீக்கரில் போட்டுவைப்போம். கைக்கு வந்ததை அடுத்தவர் எடுத்துக்கொள்வார். என் குச்சியின் வெள்ளைப் பூச்சு ஓரங்களில் சாம்பல் நிறமாகியிருந்தது. முன்பு யாருடைய பல்லேடியத்திலோ சுழன்றிருக்கிறது. அப்படியானால், வினையைச் செய்தது அமீனா, அந்தக் கறையா?

மேலாளரிடம் புதிய குச்சியும் புதிய குடுவையும் கேட்டேன்.

“ரிசல்ட் வந்துச்சுல்ல? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியேம்மா.”

“ஒரு தடவை பார்த்துடறேன் சார்.”

உலோகம் இல்லை என்று நாங்கள் சொன்னால், மருந்து தயாரிப்பவர்கள் அதைச் சோதிக்காமலே விட்டுவிடுவார்கள். அதை யாரோ விழுங்குவார்கள். அந்த எண்ணம் ஒரு பக்கம். ஆபரேட்டரின் முன்கை மறுபக்கம்.

மறுநாள் மாலை பார்த்தபோது, புதிய குடுவையில் புதிய குச்சியோடு போட்ட பொருள்கள் போட்டபடியே இருந்தன. அமீனைக் கூட்டியும் மாற்றமில்லை. அதே குடுவையில் பழைய குச்சியைப் போட்டதும் வினை நடந்தது. மேலாளர் முடிவைச் சொல்ல வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தார்.

நான் கீழே இறங்கிப் போனேன். வேறு யாரும் சொல்லி ஆபரேட்டர் அதைக் கேட்கக் கூடாது.

“அப்போ அதே கருப்புதானா?”

“அதேதான் அண்ணா. வேற மூலக்கூறு தேடணும். எத்தனை நாளாகும்னு தெரியல.”

அவர் கையுறையைக் கழற்றிக் காட்டினார். விரல் இடுக்கில் கிழிந்திருந்தது.

“அத்த தேடிக்கினே இரு. அதுக்குள்ள இத மாத்தித் தரச் சொல்லு.”

புதிய கையுறைக்கு நானே மேலாளரிடம் கையெழுத்து வாங்கி வந்தேன். அதை மாட்டிக்கொண்டு அவர் வடிகட்டியைத் திறந்தார். தூள் காயாதிருக்க, எதிரே நின்று நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.