அக்காவின் கதையில் விடுபட்ட கடைசி வரி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்பது சந்தேகம்தான். ஆனால் உடன்பிறந்தவன் நான் ஒருவன்தானே.

அக்கா பிறந்தது செய்யாறு பக்கம். அப்பாவுக்கு ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். அப்பா பணியில் இருக்கும்போதே காலமாக, அந்த வேலை அக்காவுக்குக் கிடைத்தது. என் படிப்பு, அம்மாவின் வைத்தியம் எல்லாம் அவர் தலையில் விழுந்தன. கல்யாணப் பேச்சு எடுத்தால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். அம்மாவும் போனார். நான் கல்யாணம் முடித்து வேப்பம்பட்டுக்குக் குடிபோனேன். அக்கா தனியானார்.

குவார்ட்டர்ஸில் பொங்கல் என்றால் பெட்டி கட்டுவதுதான். போகிக்கு முன்பே எல்லோரும் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். மிஞ்சும் நாலைந்து வீட்டுக்காரர்கள் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, பொங்கல் வைத்துச் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள். நான் மாமியார் ஊருக்குப் போய்விடுவேன். "நீயும் வாயேன்க்கா" என்று பேச்சுக்குக் கேட்பேன். அவர் வரமாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன். இப்போது ஒளிப்பானேன்?

எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடந்தது. ஒரே பிரதி, வீடு வீடாகச் சுற்றும். அதில் அக்கா ஒரே ஒரு கதை எழுதினார். தனியாக வாழும் ஒரு பெண் பொங்கல் வைக்கிறாள். பால் பொங்கியதும் கொல்லைக் கதவைத் திறந்து "பொங்கலோ பொங்கல்" என்று கூவிவிட்டுக் காத்திருக்கிறாள். "யாரும் பதில் சொல்லவில்லை" என்பது கடைசி வரி.

பத்திரிகை வந்தபோது அந்த வரியைக் காணோம். "காத்திருந்தாள்" என்பதோடு கதை நின்றிருந்தது. படியெடுத்தவர் அக்காவோடு வேலை செய்த சேக்காட்டுக்காரர்.

"இன்னாக்கா பண்றது, பக்கம் தீந்துபூடிச்சு. அந்தம்மா காத்துகினு கீதுன்னு முடிச்சா நல்லாத்தான கீது?" என்றாராம்.

"என் கதையையே கெடுத்துட்டீங்க" என்ற அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அடுத்த பொங்கலன்று பின்வரிசையில் ஒரு கொல்லைக் கதவு திறந்தது. தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள் ஒருவர் "பொங்கலோ பொங்கல்" என்று கூவிவிட்டு நின்றார். வேறொரு வீட்டிலிருந்து பதில் வந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் எல்லோரும் அக்காவின் கதவையே பார்த்தார்களாம். அக்கா கதவைத் திறந்து, முதலில் அழுது, பிறகுதான் கூவினார். அன்று முதல் அங்கே அதுவே வழக்கம். எல்லாக் கதவும் பதில் சொல்லும்வரை யாரும் சாப்பிடுவதில்லை. அக்கா இதை என்னிடம் சொன்னபோது "நல்லதுக்கா" என்றேன். ஒரு வருஷமாவது போய்க் கேட்டிருக்கலாம்.

போன வருஷம் கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தவர் எழவேயில்லை.

அந்தப் பொங்கல் எங்களுக்கு இல்லை. லீவு நாளாயிற்றே என்று குவார்ட்டர்ஸைக் காலி செய்யப் போனேன். அவருடைய பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே குரல் கேட்டது. ஒவ்வொரு வீடாகப் பதில் வந்தது. அப்புறம் ஒரே அமைதி. கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"தம்பி, உள்ளதான இருக்கிய? ஒங்க பதில் வராம நாங்க எப்படிச் சாப்பிட?" அந்தத் தூத்துக்குடி அம்மாள்தான்.

"துக்க வீடும்மா."

"பொங்கல்தான வைக்கக் கூடாது. பதில் சொல்லக் கூடாதுன்னு எவஞ் சொன்னான்?"

கதவைத் திறந்தேன். கரண்டியும் கையுமாக எல்லோரும் எங்கள் வீட்டைப் பார்த்து நின்றிருந்தார்கள். "பொங்கலோ பொங்கல்" என்றேன். அதன் பிறகுதான் எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

காய்ச்சலில் அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன சேக்காட்டு அண்ணனுக்கும் என் நன்றி. அத்தனை பொங்கலிலும் தம்பி சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் தாங்களே சொன்ன அந்தக் கொல்லைக் கதவுகளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.